ரயில் நிலைய போர்டு தகராறு செய்தால்: எது தெரிகிறது, என்ன செய்வது

மலேசியாவின் பத்தாங் காலி ரயில் நிலையத்தில் காலையில் நான் போய் நின்றால் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து மேலே கையைக் காட்டுவார். “தம்பி, இது என்ன போட்டிருக்கு?” நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன் இல்லை. லெட் (LED) விளக்கு போர்டு மாட்டும் ஒரு சின்ன குத்தகைக்காரரிடம் பதினோரு வருடம் ஏணியும் ஸ்பானருமாக அலைந்தவன். மருந்துக்கடை, பெட்ரோல் நிலையம், கோயில் வாசல், அப்புறம் சில ரயில் நிலையங்கள். அது ஊருக்குத் தெரிந்துபோனதால் போர்டு கோணல்மாணலாக எதைக் காட்டினாலும் என்னைத்தான் தேடி வருகிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்குத் தெரிகிற கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். அது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

முதல் வேலை: போர்டுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு, அதாவது காலையில் ஆள் கூப்பிடுவது, ஞாபகம் இருக்கும். விடியும் முன்னே, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை டங் டங் என்று அடிப்பார்கள். எல்லோரும் வந்து நின்றதும் தோட்டத்து எழுத்தரான கிராணி, செக்ரோல் என்கிற பெயர்ப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். ஒருவன் முதல் நாள் ராத்திரியே மூட்டை கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போயிருப்பான். அவன் பெயரும் கணீரென்று வரும். கிராணி பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருப்பது செக்ரோல். லயத்து வீடுகளுக்குப் போய் எட்டிப் பார்ப்பது அவர் வேலை இல்லை.

வேலையை மேற்பார்க்கிற கங்காணி அப்படி இல்லை. நிரையில் நடந்து, எந்த மரத்தடியில் யார் நிற்கிறார் என்று தலையை எண்ணிக்கொண்டு வருவார். இந்த இருவருக்கும் மேலே ஆபீசிலிருந்து ஒரு துண்டு வரும்: “இன்னைக்கு இருபதாம் நம்பர் காட்டுக்குப் போக வேண்டாம்.” துண்டு வந்தால் செக்ரோலும் செல்லாது, எண்ணிக்கையும் செல்லாது.

நிலையத்து போர்டுக்கும் இதே மூன்று வழிதான். கால அட்டவணையை மட்டும் படித்துக் காட்டுவது கிராணி போர்டு. ரயில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தண்டவாளத்திலிருந்தோ ரயிலில் உள்ள ஜிபிஎஸ் கருவியிலிருந்தோ கேட்டுச் சொல்வது கங்காணி போர்டு. கட்டுப்பாட்டு அறையிலோ நிலையத்திலோ ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்வது துண்டு. ஒரே போர்டில் மூன்றும் கலந்து வரலாம். நேரம் அட்டவணையிலிருந்தும், கீழே ஓடும் வரி ஆள் கையிலிருந்தும் வருவது சாதாரணமாக நடப்பது.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கைப்பேசியில் கடிகாரத்தைத் திறந்துகொண்டு ஐந்து நிமிடம் போர்டைப் பாருங்கள். ‘8 நிமிடம்’ என்பது 7, 6, 5 என்று அறுபது வினாடிக்கு ஒருமுறை தாளம் தப்பாமல் குறைந்துகொண்டே வந்தால் அது பெரும்பாலும் கிராணி. 6 என்று காட்டிவிட்டு அங்கேயே இரண்டு நிமிடம் நிற்பது, மறுபடி 7-க்கு ஏறுவது, 5-லிருந்து திடீரென்று 3-க்கு இறங்குவது எல்லாம் கங்காணி செய்கிற வேலை. எண் முன்னும் பின்னும் ஆடினால் “போர்டு கெட்டுப்போச்சு” என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். நான் அந்த போர்டைத்தான் நம்புவேன்.

“ரெண்டு நிமிசம்னு போட்டு பத்து நிமிசமா நிக்குது”

கங்காணி போர்டில் வருகிற கோளாறு இது. இந்த மாதிரித் தடங்களில் ஓடும் ரயிலை யாரும் இஞ்ச் இஞ்சாக அளப்பதில்லை. தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு பகுதிக்குள் ரயில் நுழைந்ததும், தண்டவாளத்தில் ஓடும் சின்ன மின்சாரம் சக்கரத்தால் இணைந்துபோவதை வைத்தோ, சக்கர அச்சுகளை எண்ணும் கருவியை வைத்தோ, “இந்தப் பகுதியில் ஆள் இருக்கு” என்று செய்தி போகும். அந்தப் பகுதியிலிருந்து நிலையத்துக்கு வழக்கமாக எத்தனை நிமிடம் ஆகுமோ அதைத்தான் போர்டு காட்டுகிறது. பகுதிக்குள்ளேயே சிவப்பு சிக்னலில் ரயில் நின்றுவிட்டால் போர்டுக்கு அது தெரியாது. அடுத்த பகுதியில் சக்கரம் படும்வரை அது ‘2’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

நகரத்துக்குள் இது அதிகம். நம்முடைய தஞ்சோங் மாலிம் – கிள்ளான் துறைமுகத் தடமும், பத்துமலை – பூலாவ் செபாங் தடமும் புத்ரா, பேங்க் நெகாரா, கோலாலம்பூர், கேஎல் சென்ட்ரல் ஆகிய நான்கு நிலையங்களை ஒன்றாகப் பயன்படுத்துகின்றன. இரண்டு ஒழுங்கை சேர்கிற முச்சந்தியில் லோரி நிற்பதைப் போலத்தான். ஒன்று போன பிறகுதான் இன்னொன்று. அதோடு தண்டவாள மராமத்து நடக்கும் காலத்தில் இரட்டைப் பாதையில் ஒன்றை மூடிவிட்டு மற்றதில் இரு திசை ரயிலையும் மாற்றி மாற்றி விடுவார்கள். அப்போது அந்த ‘2’ எத்தனை நேரம் நிற்கும் என்று எதிரே வருகிற ரயிலைத்தான் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியது: எண் நின்ற நேரத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் தாண்டினால் ரயில் சிக்னலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அது வந்துகொண்டிருக்கிற ரயில்தான், ரத்தாகவில்லை. நடைமேடையை விட்டு இறங்காதீர்கள். தண்ணீர் வாங்கப் போகிறவர்கள் எல்லாம் இந்தச் சமயத்தில்தான் போவார்கள். சிக்னல் பச்சை விழுந்தால் ரயில் ஒரு நிமிடத்தில் உள்ளே வந்துவிடும்.

“இருந்த ரயில் போர்டுலேர்ந்தே காணாமப் போச்சு”

எனக்கு ரொம்ப எரிச்சல் தருவது இதுதான். ஒருமுறை என் சின்னம்மாவைக் கிள்ளானுக்கு அழைத்துப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு நிலையத்தில் ரயில் மாற வேண்டியிருந்தது. நிலையத்தின் பெயர் வேண்டாம். மணி 5:42-க்கு ரயில் என்று போர்டு சொன்னது. 5:42 ஆனது. ரயில் வரவில்லை. 5:43-க்கு அந்த வரி அப்படியே அழிந்து, கீழே இருந்த 6:12 மேலே ஏறி உட்கார்ந்தது. சின்னம்மா சொன்னாள், “போயிருச்சுப்பா. நாம பார்க்காமப் போயிருச்சு.” இரண்டு கண்ணும் தண்டவாளத்தின் மேலேயே இருந்தது, எப்படிப் போயிருக்கும்? ஆனாலும் எழுத்தில் போட்டிருக்கிறதே என்று எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது. அரை மணி நேரம் இருக்கிறதே என்று படியேறி தே தாரிக் குடிக்கப் போனோம். பாதிக் குவளை குடித்திருப்போம். கீழே சரசரவென்று சத்தம். 5:42 ரயில் 5:54-க்கு வந்து, எங்கள் கண் முன்னே கதவை மூடிக்கொண்டு போனது.

நடந்தது இதுதான்: அது கிராணி போர்டு. பெயர் கூப்பிட்டாயிற்று, செக்ரோலில் அந்த வரி முடிந்தது, பக்கத்தைத் திருப்பியாயிற்று. ரயில் வந்ததா வரவில்லையா என்பது அதன் கணக்கில் கிடையாது.

ஆகவே ஒரு வரி போர்டிலிருந்து மறைந்தால் மூன்றைப் பாருங்கள். அந்த நேரத்தில் ரயில் ஏதாவது நிஜமாகவே உங்கள் முன்னால் நின்று போனதா? இல்லை என்றால் அது இன்னும் வரவில்லை, போகவில்லை. இரண்டாவது, நடைமேடையில் கூட்டம் குறைந்திருக்கிறதா? தினமும் வருகிறவர்கள், அதிலும் பள்ளிப் பிள்ளைகள், அசையாமல் நின்றால் நீங்களும் நில்லுங்கள். மூன்றாவது, எதிர்த்திசை ரயில்கள் ஓடுகின்றனவா? அவையும் கால் மணி நேரமாக இல்லை என்றால் தடத்தில் பெரிய தடங்கல். அப்போது மட்டும் கவுண்டருக்குப் போய்க் கேளுங்கள். “ரயில் எப்போது வரும்” என்று கேட்டால் அவரும் போர்டைத்தான் பார்ப்பார். “முந்தின ரயில் எந்த நிலையத்தைத் தாண்டிவிட்டது?” என்று கேளுங்கள். அவர் போன் எடுத்துக் கேட்டுச் சொல்லக்கூடிய கேள்வி அது.

“கைப்பேசி ஒண்ணு சொல்லுது, போர்டு ஒண்ணு சொல்லுது”

கைப்பேசி என்றாலே நேரடித் தகவல் என்று இளவட்டங்கள் நினைக்கிறார்கள். அதிலும் கிராணி உண்டு. வரைபடச் செயலியில் காட்டும் ரயில் நேரம் பல சமயம் அட்டவணை நேரம்தான். கண்ணாடித் திரையில் காட்டுவதால் அது புதுசாகிவிடாது. ‘திட்டமிட்ட நேரம்’ என்ற பொருளில் ஏதாவது எழுதியிருந்தால் அது செக்ரோல். ‘தாமதம்’, ‘சரியான நேரம்’ என்று பிரித்துக் காட்டினால் அதற்குப் பின்னால் கங்காணி இருக்கிறார்.

மலேசிய அரசின் திறந்த தரவுத் தளத்தில் ரயில் நிறுவனமான கேடிஎம்மின் அட்டவணையும் ஓடும் ரயில்களின் இருப்பிடமும் தனித்தனியாக வெளியிடப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துச் செயலி செய்யலாம். ஒரு செயலி முதலாவதை மட்டும் எடுத்திருக்கும், இன்னொன்று இரண்டையும் எடுத்திருக்கும். ஒரே ரயிலுக்கு இரண்டு செயலி இரண்டு நேரம் சொல்வது இதனால்தான். வரைபடத்தில் ரயில் நகர்வதைக் காட்டும் செயலி என்றால், அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு முந்திய புள்ளி என்றால் அது ரயில் இருந்த இடம். இருக்கிற இடம் இல்லை.

இரண்டும் முரண்பட்டால் எண் ஆடுகிற பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே ஆடவில்லை என்றால் முன்னே சொல்கிற நேரத்துக்குத் தயாராக நில்லுங்கள். காத்திருந்தால் கால்தான் வலிக்கும்.

“வருதுன்னு எழுந்து நின்னா நிக்காமப் போகுது”

கோளாறு இல்லை. ராசா, செரண்டா போன்ற சின்ன நிலையங்களில் இடிஎஸ் என்கிற விரைவு ரயில் நிற்பதில்லை. அதன் ஓட்ட வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போகும், அதாவது ஒரு வினாடிக்கு கிட்டத்தட்ட 39 மீட்டர். நீங்கள் ‘வருது’ என்று சொல்லி முடிப்பதற்குள் அது நடைமேடையில் பாதியைத் தாண்டியிருக்கும். சரக்கு ரயிலும் அப்படித்தான், மெதுவாக வருவதால் நிற்கப் போகிறது என்று ஏமாற்றும். போர்டில் நின்று போகிற கொமுட்டர் (புறநகர்) ரயில் நேரம் மட்டும் இருக்கும். இடையில் எது கடந்து போகும் என்று பல நேரம் இருக்காது. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று, முகப்பு விளக்கையும் சேருமிடப் பெயரையும் பார்த்த பிறகு முன்னே வாருங்கள். பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றே இழுக்கும்.

“எழுத்து பாதி எரியுது, பாதி எரியல”

இது என் பேட்டை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், மன்னிக்க வேண்டும்.

ஒரு லெட் போர்டு முழுசாக ஒரே தகடு கிடையாது. சின்னச் சின்னச் சதுரங்களை ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருப்போம். கடைத்தெருவில் நீங்கள் பார்க்கிற ஒற்றை நிற போர்டுகளில் அதிகம் இருக்கும் பி10 என்கிற தகடு 32 சென்டிமீட்டர் நீளம், 16 சென்டிமீட்டர் உயரம். குறுக்கே 32 புள்ளி, நெடுக்கே 16 புள்ளி, மொத்தம் 512. ஒரு தகட்டின் வாலிலிருந்து அடுத்த தகட்டின் தலைக்கு ஒரு பட்டை வயர் போகும். படம் முதல் தகட்டில் நுழைந்து, கைமாற்றிக் கைமாற்றி கடைசித் தகடுவரை போகிறது. ஆற்றிலிருந்து வாளியில் தண்ணீர் கை மாற்றுவோமே, அந்தக் கதைதான். நடுவில் ஒருவன் கையை விட்டால் அவனுக்குப் பின்னால் இருக்கிற எல்லோரும் வெறுங்கை.

ஆகவே இருட்டு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே கோளாறு எங்கே என்று கீழே நின்றே சொல்லிவிடலாம்:

ஒரு செவ்வகம் மட்டும் இருட்டு, அதற்கு அடுத்தது ஒழுங்காக எரிகிறது: அந்தத் தகட்டின் விளக்குப் பக்கம் மட்டும் செத்துவிட்டது. படம் மட்டும் தாண்டிப் போகிறது.

ஓரிடத்தில் தொடங்கி கடைசிவரை இருட்டு, அல்லது கடைசிவரை கோலமாவு கொட்டின மாதிரி குப்பை: பட்டை வயர். பத்துக்கு ஏழு தடவை கழற்றி மாட்டினாலே போதும் என்பது என் அனுபவம்.

நாலு வரிக்கு ஒரு வரி, தகட்டின் மேலிருந்து கீழ்வரை சீராக இருட்டு: வரிசையை ஏற்றி இறக்கும் சிப். தகட்டையே மாற்ற வேண்டும்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி இல்லை: வயசு. விட்டுவிடலாம்.

போர்டு முழுக்க மங்கி, எழுத்து ஓடும்போது சிமிட்டுகிறது: 5 வோல்ட் கொடுக்க வேண்டிய பவர் சப்ளை சோர்ந்துவிட்டது.

பயணிக்கு இதெல்லாம் எதற்கு என்றால், எண் மாறித் தெரியும். 8-இன் இடப்பக்கம் அணைந்தால் அது 3. நடு வரி அணைந்தால் 8 என்பது 0. எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவர் 7:38-ஐ 7:30 என்று படித்து, “எட்டு நிமிசம் லேட்டு” என்று அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார். ரயில் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் வேறு எழுத்து ஓடும்வரை காத்திருங்கள். ஓடும் எழுத்திலும் அதே இடத்தில் அதே ஓட்டை விழுந்தால் தகடுதான் கோளாறு. அங்கே தெரிகிற எண்ணை நம்பாதீர்கள்.

சரி, தகடு ஏன் கெடுகிறது? மழைதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். மழைக்கு ரப்பர் சுற்று இருக்கிறது. நம் ஊரில் பெரிய எதிரி எறும்பும் பல்லியும். பெட்டிக்குள் ராத்திரி பகலும் கதகதப்பு, வெளிச்சத்துக்கு வரும் பூச்சி இலவசச் சாப்பாடு. நகரத்து நிலையம் ஒன்றில் ஒரு போர்டைத் திறந்தேன். ‘பிளாட்பாரம் 2’ என்பதில் 2 மட்டும் மூன்று மாதமாக எரியவில்லை என்று புகார். பின் மூடியைக் கழற்றியதும் சட்டைக்குள் ஏதோ விழுந்தது. பல்லி முட்டை, வெள்ளையாக, கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிசு. நாலு முட்டை சட்டையில், ஆறு முட்டை பட்டை வயரின் இணைப்பில் ஒட்டிக்கொண்டு. எப்போதோ ஓடு உடைந்து கசிந்த நீர் செப்பு முனையைப் பச்சையாக அரித்திருந்தது. பழைய பல் துலக்கியும் ஸ்பிரிட்டும் வைத்துத் தேய்த்து மாட்டினேன். 2 எரிந்தது. முதலாளி அதற்கு எவ்வளவு பில் போட்டார் என்று நான் சொல்லப் போவதில்லை.

புகார் கொடுப்பதாக இருந்தால் “போர்டு வேலை செய்யல” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆள் வந்து பார்க்கும்போது அது வேலை செய்துகொண்டிருக்கும், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவான், நானும் போயிருக்கிறேன். எந்த நடைமேடை, எந்தத் தூணுக்கு அருகில், எந்தப் பக்கத்து முகம், எத்தனை மணி, இருட்டின் வடிவம் என்ன என்று சொல்லுங்கள். கூடவே ஒரு படம் அனுப்புங்கள். அதில்தான் அடுத்த தொல்லை.

“போட்டோ எடுத்தா வெறும் கோடு கோடா வருது”

கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற போர்டு படத்தில் வெட்டுப்பட்டு வரும். லெட் போர்டில் எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. மேலே சொன்ன தகட்டில் எந்த நொடியில் பார்த்தாலும் நாலில் ஒரு பங்கு வரிதான் எரியும். மாறி மாறி எரிகிற வேகத்தில் நம் கண் ஏமாந்து முழுசாகப் பார்க்கிறது. வெயிலில் கேமரா மிகச் சின்ன நேரம்தான் கண் திறக்கும். அந்த நேரத்தில் எரிந்த வரி மட்டும் அகப்படும்.

கேமராவில் ‘புரோ’ முறை இருந்தால் ஷட்டரை 1/60 அல்லது அதற்கும் மெதுவாக வையுங்கள். இல்லை என்றால் தூணின் நிழலிலிருந்து எடுங்கள், அல்லது பத்து வினாடி வீடியோ எடுத்து அனுப்புங்கள். உண்மையிலேயே செத்த வரி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். கேமராக் கோடு படத்துக்குப் படம் இடம் மாறும்.

“மணி தப்பாக் காட்டுது”

எவ்வளவு தப்பு என்பதில்தான் விடை.

இரண்டு மூன்று நிமிடம் தப்பு என்றால் போர்டு நேர சர்வரோடு பேசுவதை நிறுத்திவிட்டு, தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே போர்டில் ரயில் வர எத்தனை நிமிடம் என்பதும் அதே அளவு தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. கைப்பேசி நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரியாக எட்டு மணி நேரம் பின்தங்கியிருந்தால், காலை 7-க்கு இரவு 11 என்று காட்டினால், கருவி கிரீன்விச் நேரத்தில் நிற்கிறது. யாரோ புதுசாக மாட்டிவிட்டு மலேசியாவுக்கு மாற்ற மறந்திருக்கிறார்கள்.

1970 ஜனவரி 1 என்று தேதி வந்தால் உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி தீர்ந்து, மின்சாரம் போய் வந்ததில் எல்லாம் மறந்துவிட்டது. கணினிகளில் பல அந்த நாளிலிருந்துதான் வினாடியை எண்ணுகின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிரீன்விச்சில் அது நள்ளிரவு 12 மணி. நம் நேரம் எட்டு மணி கூட என்பதால் காலை 8 என்று காட்ட வேண்டும் அல்லவா? ஒழுங்காக அமைத்த கருவி 7:30 என்று காட்டும். ஏனென்றால் 1970-இல் தீபகற்ப மலேசியாவின் நேரம் ஏழரை மணி நேரம்தான் கூட. 1982 ஜனவரி 1-இல்தான் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற சிப்புக்கு நம் பாட்டன் காலத்துப் பெரட்டு நேரம் தெரிந்திருக்கிறது. இன்றைய தேதிதான் தெரியவில்லை. ஒருமுறை ஏணியின் மேலே நின்றுகொண்டு இதை யோசித்துச் சிரித்தேன். கீழே பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு விளக்கிச் சொல்லியும் அவன் சிரிக்கவில்லை.

“டிவி மாதிரி போர்டு கறுப்பா இருக்கு”

முதலில் உங்கள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். மீன் பிடிக்கப் போகிறவர்களும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களும் போடுகிற கூச்சம் தடுக்கும் கண்ணாடியில் ஒளியை ஒரே வாட்டத்தில் விடும் படலம் இருக்கிறது. எல்சிடி திரையிலும் அதே படலம். இரண்டும் குறுக்கு நெடுக்காக மாட்டிக்கொண்டால் திரை முழுக் கறுப்பு. தலையைத் தோள்மேல் சாய்த்துப் பாருங்கள், படம் வந்துவிடும்.

கண்ணாடி இல்லாமலும் திட்டுத் திட்டாகக் கறுப்பு என்றால் திரை வெயிலில் காய்ந்திருக்கிறது. சாதாரண திரவப் படிகம் 70 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடானால் அதன் ஒழுங்கு குலைந்து, அந்த இடம் படம் காட்டாது. சாயங்காலம் சூடு தணிந்ததும் தானாகச் சரியாகும். அதுவரை நிழலில் இருக்கிற வேறு போர்டைப் பாருங்கள்.

நீலத் திரை, ‘நோ சிக்னல்’, யாரோ ஒருவர் கணினியின் முகப்பு என்று வந்தால் திரை நன்றாக இருக்கிறது, அதற்குப் படம் அனுப்பும் பெட்டி விழுந்துவிட்டது. பக்கத்து நடைமேடையில் வேறு பெட்டியாக இருக்கலாம், எட்டிப் பாருங்கள்.

“ஒண்ணாம் பிளாட்பாரம்னு போட்டு ரெண்டுல வந்து நிக்குது”

இது துண்டு தாமதமாக வருவதால். ரயிலை எந்தப் பக்கம் விடுவது என்று கட்டுப்பாட்டு அறை முடிவு செய்த பிறகு, போர்டை மாற்ற இன்னொரு கை வேண்டும். ஒலிபெருக்கியில் முதலில் வரும், போர்டில் பிறகு வரும், சில நேரம் வரவே வராது. ஆகவே காதில் மாட்டியதை ஒரு பக்கமாவது கழற்றி வையுங்கள். மூட்டு வலிக்காரர்களோடு போனால் பாலம் ஏறி இறங்க எத்தனை நிமிடம் ஆகும் என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். என் சின்னம்மாவுக்கு லிஃப்டில் நான்கு நிமிடம். ரயில் கண்ணில் பட்ட பிறகு ஓடினால் கிடைக்காது. அடுத்ததற்குப் போவோம் என்று அங்கேயே முடிவு செய்துவிடுவோம். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது பேச்சுக்கே இடமில்லை: மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட், கீழே நிற்காமல் போகிற இடிஎஸ்.

“என்னமோ எழுதியிருக்கு, எனக்குப் புரியல”

போர்டில் ஒரு குறையும் இல்லாதபோதும் வருகிற கோளாறு இது. நம் பெரியவர்களுக்கு மலாய் பேச வரும். பாசாரில் பேரம் பேசி, கிளினிக்கில் சண்டை போட்டு வந்த மலாய். ஆனால் அவர்களுக்கு ‘லம்பாட்’ தெரியும். போர்டில் ‘லேவாட்’ என்று இருக்கும். இரண்டும் தாமதம்தான். ஒன்று தெருவில் புழங்குவது, மற்றது ஆபீசில் எழுதுவது. எழுத்துக்கூட்டிப் படித்தாலும் அதனால்தான் விளங்காமல் போகிறது.

சின்னம்மாவுக்குப் பயண அட்டை உறையின் பின்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுத்தேன். ஒரு பக்கம் போர்டில் இருக்கிற மாதிரியே ஆங்கில எழுத்தில், எதிரே தமிழில்:

தீபா – வந்து சேரும்
பெர்லெப்பாஸ் – புறப்படும்
லேவாட் – தாமதம்
டிபாதால்கான் – ரத்து
தெர்கெண்டாலா – தடங்கல், காத்திரு
தீடாக் பெர்ஹெந்தி – நிற்காது, தள்ளி நில்

நிலையப் பெயரில் ஒரு எச்சரிக்கையும் எழுதினேன். போர்டில் இடம் பற்றாமல் பெயர் வெட்டுப்பட்டு ‘பத்து’ என்று மட்டும் நின்றால் அவசரப்பட்டு ஏறக்கூடாது. பத்துமலை ஒரு தடம், பத்து தீகா இன்னொரு தடம். அதே மாதிரி ‘கோலாலம்பூர்’ என்பது 1910-இல் கட்டிய பழைய வெள்ளை நிலையம். ‘கேஎல் சென்ட்ரல்’ அதற்கு அடுத்த நிலையம். ரயில் மாற வேண்டியவர் முதலாவதில் இறங்கிவிட்டுத் திரு திருவென்று முழிப்பது வாரம் ஒருமுறை நடக்கிறது. எழுத்து ஓடி முடியும்வரை நின்று முழுப் பெயரையும் படிக்க வேண்டும்.

போன வாரம் நானும் சின்னம்மாவும் நடைமேடையில் உட்கார்ந்திருந்தோம். நான் கைப்பேசியில் இருந்தேன். அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, உறையைத் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டாள்.

“லேவாட்,” என்றாள். “ஆனா எத்தனை நிமிசம்னு போடல.”

நிமிர்ந்து பார்த்தேன். போடவில்லைதான்.

“அப்ப இது கிராணியா, கங்காணியா?”

“துண்டு, சின்னம்மா. யாரோ கையால அடிச்சிருக்காங்க.”

“அப்ப அவனுக்கே தெரியல,” என்று சொல்லிவிட்டு, பையைத் திறந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள்.